படத்தில் இருப்பவர் யார்?



உங்களில் பலருக்குக் கம்ப்யூட்டரில் யுத்த விளையாட்டு ஆடும் பழக்கம் இருக்கும். டாங்கி ஓட்டுவது, போர் விமானத்தில் பறப்பது, வரைபடத்தில் படைகளை நகர்த்துவது என்று அதில் எத்தனையோ வகை. ஆடுவதோடு நிற்காமல், அந்த விளையாட்டையே தங்கள் விருப்பப்படி மாற்றி அமைக்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. இதை 'மாட்' செய்வது என்கிறார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4' என்று ஒரு விளையாட்டு. சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்று 2016-ஆம் ஆண்டு வெளியிட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து நாடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் படைகளையும் தொழிற்சாலைகளையும் நாம் நடத்த வேண்டும். அதில் வரும் இசையெல்லாம் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். முறைப்படி வேறொரு பாட்டின் கோப்பைச் சேர்த்து, அதன் பெயரையும் பட்டியலில் எழுதிவிட்டால் போதும். விளையாட்டு அந்தப் பாட்டைப் பாடும். விளையாட்டு திறக்கும்போது திரையில் தோன்றும் படங்களையும் இப்படியே மாற்றலாம். 1940-களில் வானொலியில் ஒலித்த பாட்டுகளையும், போர்க்களத்தில் எடுத்த நிஜப் புகைப்படங்களையும் இப்படிச் சேர்க்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

"இதில் என்ன தப்பு?" என்று கேட்பீர்கள். தப்பு என்று நான் சொல்லவில்லை. கொடுத்ததை அப்படியே ஆடாமல், உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் பிள்ளை புத்திசாலிப் பிள்ளைதான். ஆனால், ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். விளையாட்டில் வரும் குண்டுச் சத்தமும் புகையும் ஓர் ஓவியரோ இசைக் கலைஞரோ மேசையில் உட்கார்ந்து செய்தவை. நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கும் பாட்டும் படமும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றுக்குள் நிஜ மனிதர்கள் இருக்கிறார்கள்.

ஒரு படத்தைப் பார்ப்போம். ஐவோ ஜிமா என்பது ஜப்பானைச் சேர்ந்த ஒரு சின்னத் தீவு. 1945 பிப்ரவரி 23-ஆம் தேதி, அங்குள்ள மலை உச்சியில் ஆறு அமெரிக்க வீரர்கள் கொடிக் கம்பம் ஒன்றை நிமிர்த்தினார்கள். ஜோ ரோசென்தால் என்ற புகைப்படக்காரர் அதைப் படம் எடுத்தார். உலகப் புகழ் பெற்ற படம் அது. பார்த்தால் போரே முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் சண்டை அதன் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் நடந்தது. அந்த ஆறு பேரில் மூன்று பேர் அதே தீவில் உயிரை விட்டார்கள். அந்த ஆறு பேர் யார் யார் என்ற பட்டியலில்கூடப் பிழை இருந்தது. அமெரிக்க மரைன் படை அதை 2016-லும், மறுபடி 2019-லும் திருத்தியது. எழுபது ஆண்டுகளாக உலகமே பார்த்த படத்திலேயே, இருப்பவர் யார் என்று சரியாகத் தெரியவில்லை, பாருங்கள்!

இனி ஒரு பாட்டு. 'லிலி மார்லீன்' என்பது ஜெர்மானியப் பாட்டு. முதல் உலகப் போரின்போது, 1915-ல் ஒரு சிப்பாய் எழுதிய கவிதை அது. லாலே ஆண்டர்சன் என்ற பாடகி 1939-ல் அதைப் பாடிப் பதிவு செய்தார். 1941-ல் ஜெர்மன் படையின் பிடியில் இருந்த பெல்கிரேடு வானொலி அதை இரவு நேரத்தில் ஒலிபரப்பத் தொடங்கியது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மன் வீரர்கள் அதைக் கேட்டார்கள். எதிரே இருந்த பிரிட்டிஷ் வீரர்களும் அதே பாட்டைக் கேட்டார்கள்! வெற்றி முழக்கம் எதுவும் அதில் இல்லை. விளக்கடியில் காத்திருந்த பெண்ணை நினைத்து ஏங்கும் பாட்டு. பகலில் ஒருவரை ஒருவர் சுட்டவர்கள், இரவில் ஒரே பாட்டைக் கேட்டு வீட்டை நினைத்துக்கொண்டார்கள். இது தெரிந்து அந்தப் பாட்டைச் சேர்ப்பதற்கும், 'பழைய பாட்டு, நன்றாக இருக்கிறது' என்று சேர்ப்பதற்கும் வித்தியாசம் இல்லையா?

இப்போது அந்த விளையாட்டின் வரைபடத்துக்கு வருவோம். ரஷ்யாவில் லெனின்கிராட் என்று ஒரு நகரம் அதில் இருக்கும். இன்றைக்கு அதன் பெயர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். விளையாட்டில் அது ஒரு புள்ளி. அதைப் பிடித்தால் நமக்கு லாபம், விட்டால் நஷ்டம். அவ்வளவுதான்.

நிஜத்தில் நடந்தது என்ன? 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை, 872 நாட்கள் அந்த நகரம் முற்றுகையில் கிடந்தது. பசியாலும் குளிராலும் லட்சக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அந்த நிலையிலும், 1942 ஆகஸ்ட் 9-ஆம் தேதி அங்கே ஓர் இசை நிகழ்ச்சி நடந்தது. ஷோஸ்டகோவிச் என்ற இசை மேதையின் ஏழாவது சிம்பொனியை வாசித்தார்கள். வாத்தியக்காரர்களில் சிலர் அதற்கு முன்பே பட்டினியால் இறந்திருந்தார்கள். மற்றவர்களுக்கு ஊதுகுழலை ஊதக்கூடத் தெம்பில்லை. போர்முனையில் இருந்தவர்களில் வாத்தியம் தெரிந்தவர்களைத் தேடி அழைத்து வந்தார்கள். ஒலிபெருக்கி வைத்து, நகரை வளைத்திருந்த எதிரிப் படைக்கும் கேட்கும்படி வாசித்தார்கள்.

அதே ஊரில் தான்யா சவிச்சேவா என்று ஒரு சிறுமி இருந்தாள். உங்கள் வயதுதான். முற்றுகை தொடங்கியபோது அவளுக்குப் பதினோரு வயது. அக்கா, பாட்டி, அண்ணன், இரண்டு பெரியவர்கள், கடைசியில் அம்மா என்று, வீட்டில் ஒவ்வொருவராக இறக்க இறக்க, தேதியையும் நேரத்தையும் ஒரு சின்னக் குறிப்பேட்டில் எழுதி வைத்தாள். எல்லாம் சேர்ந்து ஒன்பது பக்கம்தான். அந்த ஊரிலிருந்து அவளை மீட்டுக் கொண்டுபோனார்கள். ஆனாலும் உடல் தேறாமல் 1944-ல், பதினான்கு வயதில் இறந்துபோனாள். அவளுடைய குறிப்பேடு இன்றும் அந்த நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

'நெருப்பு என்றால் வாய் சுடுமா?' என்று ஒரு பழமொழி உண்டு. திரையில் தெரியும் யுத்தம் அப்படித்தான். அது நம்மைச் சுடாது. செத்தால் மறுபடி முதலிலிருந்து ஆடலாம். தான்யாவுக்கு அந்த வசதி இல்லை. நிஜப் பாட்டும் நிஜப் படமும் சேர்த்தால், 'இந்த நெருப்பு நிஜமாகவே சுட்டது' என்று நமக்கு உறைக்க வேண்டும். அப்படி உறைக்குமானால் சேர்ப்பது நல்லது. வெறும் அலங்காரத்துக்கு என்றால், ஒருவருடைய துக்கத்தை எடுத்து நம் வீட்டுக்குத் தோரணம் கட்டியது போல ஆகிவிடும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. போர்க்காலப் பாட்டுகளில் பல, மக்களை யோசிக்க விடாமல் செய்வதற்கென்றே எழுதப்பட்டவை. தாளம் கேட்டவுடன் கால் தானாக நடை போடும். எதற்காக நடக்கிறோம் என்ற கேள்வி மறந்துபோகும். ஹிட்லரின் நாஜிக் கட்சிக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும். அதனால்தான் ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைச் சட்டம் தடுக்கிறது. 2018-ஆம் ஆண்டு வரை கணினி விளையாட்டுகளிலும் அவற்றை அனுமதிக்கவில்லை. அந்த ஆண்டிலிருந்து, கலைக்கோ வரலாற்றுக்கோ அவை தேவையா என்று ஒவ்வொரு விளையாட்டாகப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அடிபட்ட நாட்டுக்கு அதன் அபாயம் தெரியும். நாம் அதை 'சூப்பர் மியூசிக்' என்று தலையாட்டிக் கேட்கலாமா?

பாட்டும் படமும் இல்லாமலே மறைந்தவர்களையும் மறந்துவிடக் கூடாது. அதே போரில், சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானிய ராணுவம் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. மலாயாத் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்களையும் அங்கே கொண்டுபோனார்கள். பல்லாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் மடிந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு புகைப்படம்கூட இல்லை. நம் முன்னோர் போரில் விழுந்த வீரனுக்கு நடுகல் நட்டபோது, உருவத்தைச் செதுக்கியதோடு பேரையும் எழுதினார்கள். இந்தத் தொழிலாளர்களுக்கு உருவமும் இல்லை, பேரும் இல்லை.

சரி, நல்லபடியாகச் செய்தவர்கள் யாரும் இல்லையா? இருக்கிறார்கள். 2014-ல் பிரான்ஸ் நாட்டில் 'வேலியன்ட் ஹார்ட்ஸ்' என்ற விளையாட்டைச் செய்தார்கள். முதல் உலகப் போரைப் பற்றியது. சுட்டுத் தள்ளுவதைவிட, புதிர்களை விடுவித்து மனிதர்களைக் காப்பாற்றுவதுதான் அதில் அதிகம். இடையிடையே அந்தக் காலத்துப் புகைப்படம் வரும். பக்கத்திலேயே அது என்ன, எங்கே, எப்போது என்ற விளக்கமும் இருக்கும். படம் அங்கே வெறும் அலங்காரம் அல்ல, பாடம்.

இதற்கு நேர்மாறான வேலையும் நடக்கிறது. 'ஆர்மா 3' என்ற போர் விளையாட்டின் காட்சிகளை எடுத்து, உக்ரைனில் நடக்கும் நிஜப் போர் என்று சிலர் பரப்பினார்கள். அதைச் செய்த செக் நாட்டு நிறுவனமே 2022 நவம்பரில், 'இவை எங்கள் விளையாட்டுக் காட்சிகள், நம்பாதீர்கள்' என்று அறிவிக்க வேண்டி வந்தது. விளையாட்டுக்குள் நிஜம் போகிறது. நிஜத்துக்குள் விளையாட்டு வருகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் கண் உங்களுக்கு வேண்டும்.

ஆகவே, மாணவச் செல்வங்களே, உங்களில் யாராவது விளையாட்டில் பாட்டோ படமோ சேர்க்க நினைத்தால், முதலில் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதில் இருப்பவர் யார்? இதைச் செய்தவர் எதற்காகச் செய்தார்? அதன் பிறகு அவர்களுக்கு என்ன ஆயிற்று? பதிலை நாலு வரியில் எழுதி, அந்தப் படத்தோடு சேருங்கள். உங்கள் நண்பன் ஆடும்போது அதையும் படிப்பான். பதில் கிடைக்காவிட்டால், கிடைக்கும் வரை சேர்க்காமல் வைத்திருங்கள். விளையாட்டின் மேல் 12, 16, 18 என்று போட்டிருக்கும் வயது எண்ணையும் பார்த்து, அம்மா அப்பாவிடம் காட்டிவிட்டு ஆடுங்கள்.

யுத்த விளையாட்டே ஆடாதவர்களுக்கும் வேலை உண்டு. உங்கள் சமூக அறிவியல் புத்தகத்தில் ஏதாவது ஒரு போர்ப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். அதே மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு நூலகத்துக்குப் போங்கள். ஆசிரியரிடமும் கேளுங்கள். ஒரு பேராவது கிடைத்தால், படத்தின் கீழே பென்சிலால் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அந்தப் புத்தகத்தை வாங்கிப் படிக்கும் தம்பியோ தங்கையோ அதைப் படிக்கட்டும்.