வட்டுக்கோட்டைக்கு வழியும் கடற்கோட்டையில் ஓர் அறையும்

"வட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் துட்டுக்கு எட்டுக் கொட்டைப்பாக்கு" என்பது யாழ்ப்பாணத்தார் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. தமிழகத்தில் ஏறக்குறைய இதே மொழி பட்டுக்கோட்டையின் பெயரால் வழங்குகிறது. கேட்டது ஒன்று, கிடைத்த விடை வேறொன்று என்பதே இதன் பொருள். வரலாற்றுச் சின்னங்களை விடுதிகளாக மாற்றும் இக்காலப் போக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்பழமொழியே நினைவுக்கு வருகிறது. கட்டடத்தின் கதையைக் கேட்கிறோம். அறையின் வாடகையைச் சொல்கிறார்கள்.

வட்டுக்கோட்டையைத் தாண்டிப் பொன்னாலையை அடைந்து, கடலின் நடுவே செல்லும் வீதியால் காரைநகருக்குப் போகலாம். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடைப்பட்ட நீரில், சிறு திட்டொன்றின் மேல், எட்டு மூலைகளோடு ஒரு கோட்டை நிற்கிறது. படகில்தான் அதை அடைய முடியும். அங்கே இலங்கைக் கடற்படை ஒரு விடுதியை நடத்துகிறது. சுற்றிலும் கடல், பழைய கற்சுவர், அந்தி வெயில் என்று பயணிகளை ஈர்க்க வேண்டிய யாவும் அங்கு உண்டு. மறுப்பதற்கில்லை.

அக்கோட்டையைப் பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் அதை முற்றுகையிட்டனர். உள்ளேயிருந்தவர்களைப் பணிய வைத்ததில் பீரங்கிக்கு நிகரான பங்கு தாகத்துக்கும் இருந்தது. உப்பு நீர் சூழ்ந்த கோட்டையில் குடிநீர் இல்லாமற்போனால் எத்தனை தடித்த சுவரும் காவாது. வென்றவர்கள் அதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டார்கள். பன்றித் தொடையின் குதிப்பகுதி என்பது அதன் பொருள். இலங்கைத் தீவின் வடிவம் அவர்கள் கண்ணுக்குப் பதப்படுத்திய பன்றித் தொடையாகத் தெரிந்ததாம். விடுதியின் பெயரிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஆனால் ஊர்மக்கள் வைத்த பெயர் வேறு. கடற்கோட்டை என்றும் பூதத்தம்பி கோட்டை என்றும் அவர்கள் சொல்வார்கள். பூதத்தம்பி ஒல்லாந்தர் ஆட்சியில் உயர்பதவி வகித்த தமிழன். அவன் மனைவி அழகவல்லிமேல் ஆசை வைத்து அவமானப்பட்ட அந்திராசி என்பவன், பூதத்தம்பி போர்த்துக்கேயரோடு சேர்ந்து சதி செய்ததாகப் பொய்யான சான்று புனைந்தான். விசாரணை முழுமை பெறாமலே பூதத்தம்பி கொல்லப்பட்டான் என்பது யாழ்ப்பாணத்துச் செவிவழிக் கதை. இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு புனைவு என்பதை ஆய்வாளர்கள் தீர்மானிக்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: ஆள வந்தவர்கள் அக்கோட்டையைப் பார்த்து இறைச்சியை நினைத்தார்கள்; ஆளப்பட்டவர்கள் நீதி மறுக்கப்பட்ட ஒரு மனிதனை நினைத்தார்கள். ஒரே கட்டடத்தின் இரு பெயர்களில் இரண்டு வரலாறுகள் இருக்கின்றன.

அதன் பின்னரும் அங்கே மனிதர் அடைபட்டனர். பிரித்தானியர் காலத்துக்குப் பின்னும் கோட்டை சிறைச்சாலையாகப் பயன்பட்டது. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் கைதான சிங்கள இளைஞர்களும் அங்கே வைக்கப்பட்டனர். ஆகவே அந்தக் கோட்டையின் துயரம் ஓர் இனத்துக்கு மட்டும் உரியதன்று. தெற்கிலிருந்து விடுமுறைக்கு வரும் ஒரு குடும்பத்துக்கும் அங்கே தலைகுனிந்து நிற்க ஓர் இடம் உண்டு.

சிறையை விடுதியாக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கைவிடப்பட்டு இடிந்து கடலில் விழுவதைவிட மனிதர் நடமாட்டத்தோடு இருப்பது மேல். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் 1996இல் மூடப்பட்ட சிறைச்சாலையின் பெரும்பகுதி இன்று விடுதிதான். அதே வளாகத்தில் அச்சிறையின் கதையை எல்லோருக்கும் விளக்கிச் சொல்லும் காட்சியகமும் இருக்கிறது. தரங்கம்பாடியில் 1620இல் டேனியர் கட்டத் தொடங்கிய கோட்டை அருங்காட்சியகமாக இருக்க, கடற்கரையோரத்துப் பழைய மாளிகையொன்று விடுதியாக்கப்பட்டது. தங்க வருபவனுக்கு அறை கிடைத்தது. பார்க்க வருபவனுக்குக் கோட்டை கிடைத்தது. அந்தமானின் செல்லுலார் சிறையை 1979இல் தேசிய நினைவிடமாக்கினார்கள். வழிகள் பல உண்டு. எந்த வழியிலும், அங்கே வாழ்ந்து மாய்ந்தவர்களின் கதை விருந்தினரின் வசதிக்காக மௌனமாக்கப்படக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2009இல் போர் முடிந்தது. அப்போரில் ஒரு தரப்பாக நின்ற படையே, போர் நடந்த மண்ணில் பழங்கோட்டைக்குக் காவலாகவும், விடுதிக்கு உரிமையாளராகவும், வருவோர்க்குக் கதைசொல்லியாகவும் இருப்பது முறையன்று. படையினர் நல்ல விருந்தோம்பிகளாக இருக்கலாம். கேள்வி அதுவன்று. படகோட்டுவதும் சமைப்பதும் கதை சொல்வதும் கணக்கெழுதுவதும் காரைநகர், ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டைப் பிள்ளைகளின் பிழைப்பாக இருக்க வேண்டியவை. கோட்டை தொல்லியல் துறையின் பொறுப்பிலும், விடுதி ஊரவரின் கூட்டுறவிலும் இருப்பதே நியாயம்.

அப்படி நடந்தால் பயணி கோட்டையோடு திரும்பிவிட மாட்டான். வந்த வழியிலேயே அவன் காண வேண்டியவை எத்தனையோ! வட்டுக்கோட்டைத் தேவாலயம் போர்த்துக்கேயர் காலத்துத் தொடர்ச்சி உடையது. 1672இல் வெளியான ஒல்லாந்த மதகுரு பல்தேயுஸின் நூலில் அதன் படமே இருக்கிறது. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் நிலைகொண்டு, 1823இல் டானியல் பூவரின் தலைமையில் உயர்கல்விக் கழகமொன்றைத் தொடங்கினர். அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும்தான் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள். கலித்தொகை 1887இல் அச்சேறியது அந்தத் தாமோதரம்பிள்ளையின் உழைப்பால். கழகம் 1855இல் மூடப்பட்டாலும், அதன் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரி அதே ஊரில் இன்றும் இயங்குகிறது. அருகிலே பண்ணாகம். 1976 மே 14ஆம் நாள், தந்தை செல்வநாயகத்தின் தலைமையில், தனிநாடு கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறிய இடம் அது. அதை ஏற்பவரும் எதிர்ப்பவரும் அங்கே நின்று யோசிக்க நிறைய உண்டு.

ஓர் ஏட்டுச்சுவடியும் ஓர் அரசியல் தீர்மானமும் ஒரு பழைய சிறையும் சில கல் தொலைவுக்குள் அமைந்த ஊர் வேறெங்கே இருக்கிறது? சுற்றுலா என்பது கடற்கரையும் நண்டுக்கறியும் மட்டுமே என்று எண்ணுபவர்க்கு இவை கண்ணில் படா.

என் கோரிக்கை பெரிதன்று. கோட்டையின் வாயிலில் ஒரு கல் வையுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், ஹம்மன்ஹீல் என்ற பெயரோடு பூதத்தம்பி கோட்டை என்ற பெயரையும் பொறியுங்கள். யார் கட்டினார்கள் என்பதோடு யார் அடைபட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். பிறகு அறையை வாடகைக்கு விடுங்கள். புலம்பெயர்ந்த மண்ணிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகள் அங்கே ஓர் இரவு தங்கினால், விடியும்போது தாம் எங்கே உறங்கினோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வட்டுக்கோட்டைக்கு வழி கேட்பவனுக்கு வழியைச் சொல்வோம். கொட்டைப்பாக்கின் விலையை அவன் பிறகு விசாரித்துக்கொள்ளட்டும்.