எல்லை மட்டும் போதாது

கணிதம் பயிலும் மாணாக்கரிடத்தே மட்டுமன்றி, அதைப் போதிக்கும் ஆசிரியர் சிலரிடத்தும் வேரூன்றிவிட்ட நம்பிக்கை ஒன்றுண்டு: நெறிமம் உடைய வெளி எதுவாயினும், அதில் எல்லைக்குட்பட்ட தொடர்வரிசை ஒன்றை எடுத்துக்கொண்டால், நலிந்த ஒருங்கலுடைய உள்தொடர்வரிசை ஒன்றை அதிலிருந்து பிரித்தெடுத்துவிடலாம் என்பது. இது பிழை, நிரூபணத்தின் நடுவே ஒரே வரியில் ஓசையின்றி நுழைந்து கட்டடம் முழுவதையும் சாய்த்துவிடுவதால் அபாயகரமான பிழை.

முடிவுற்ற பரிமாணத்தில் போல்சானோ–வையர்ஸ்ட்ராஸ் தேற்றம் அளித்த சௌகரியம் முடிவிலாப் பரிமாணத்தில் பறிபோயிற்று. ஹில்பர்ட் 1906-இல், வர்க்கங்களின் கூட்டுத்தொகை முடிவுற்ற தொடர்வரிசைகளின் வெளியில் அதை ஒருவாறு மீட்டார். புள்ளிகள் ஒன்றையொன்று நெருங்காவிடினும், தொடர்ச்சியான நேரியல் சார்பு ஒவ்வொன்றும் அவற்றின்மேல் கொள்ளும் மதிப்புகள் நெருங்கினால் போதும் என்றார்; இதுவே நலிந்த ஒருங்கல். அந்த ஒரு வெளிக்கு வாய்த்த பாக்கியத்தை எல்லா வெளிகளுக்கும் பிறப்புரிமையாக்கிவிட்டதே நம்மவர் செய்த தவறு.

தனிமதிப்புகளின் கூட்டுத்தொகை முடிவுற்ற தொடர்வரிசைகளின் வெளியை நோக்குக. முதற்புள்ளிக்கு முதலிடத்தில் மட்டும் 1, மற்றெங்கும் 0, இரண்டாவதற்கு இரண்டாமிடத்தில் மட்டும் 1, இவ்வாறே மேலும். நெறிமம் எல்லாவற்றுக்கும் 1. இவற்றுள் எந்த உள்தொடர்வரிசையை வேண்டுமாயினும் ஒருவர் பொறுக்கிக்கொள்ளட்டும். அவர் பொறுக்கிய இடங்களில் +1, −1 என மாறிமாறியும், ஏனைய இடங்களில் 0 என்றும் குணகங்களை இட்டு ஒரு நேரியல் சார்பை அமைத்தால், குணகங்கள் எல்லைக்குட்பட்டவையாதலால் அது தொடர்ச்சியானதே. அதன் மதிப்புகளோ +1, −1, +1, −1 என்று ஓயாது ஊசலாடும். எதைப் பொறுக்கினாலும் அதற்கென ஓர் ஊசல் காத்திருக்கிறது.

உடனே இந்நம்பிக்கையாளர் அலாவோக்ளுவின் 1940-ஆம் ஆண்டுத் தேற்றத்தைச் சாட்சிக்கு அழைப்பர். அத்தேற்றம் பேசுவது ‘நலிந்த-விண்மீன்’ எனப்படும் வேறு ஒருங்கல். நாம் கண்ட வெளி, 0-வை நாடும் தொடர்வரிசைகளாலான வெளிக்கு இருமை வெளி, அதாவது அதன்மேலான தொடர்ச்சியான நேரியல் சார்புகளின் வெளி, ஆகும். அத்தொடர்வரிசைகளை மட்டும் கொண்டு சோதித்தால் நம் புள்ளிகள் 0-வை அடைவது மெய்யே. ஆனால், சற்றுமுன் அமைத்த ஊசல் 0-வை நாடுவதன்று; அது அச்சோதனையில் இடம்பெறவே இல்லை. பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் ஒன்றெனக் கொண்டதில்தான் இந்த மயக்கமெல்லாம் விளைந்தது. ஸ்முலியான் 1940-இலும் எபர்லைன் 1947-இலும் நிறுவியவற்றைச் சேர்த்து நோக்கினால், நம்பிக்கை கோரும் அப்பண்பு, தம் இருமையின் இருமையோடு இயல்பாகவே ஒன்றுபடும் தற்சுட்டு வெளிகளுக்கே உரியது, பிறவற்றுக்கு இல்லை என்பது தெளிவாகும்.

தொகையிடத்தக்க சார்புகளின் வெளியிலும் இதே நிலைதான். 0-விலிருந்து 1 வரையுள்ள இடைவெளியில், 0-வை ஒட்டி, உயரம் 10, அகலம் 1/10. உயரம் 100, அகலம் 1/100. இவ்வாறு பரப்பு என்றும் 1 ஆகவே நிற்க மெலிந்து உயரும் கோபுரங்களை எண்ணிப் பாருங்கள். 0-வைத் தவிர எப்புள்ளியின் அருகே நின்று பார்த்தாலும் அவை அற்றுப்போகின்றன. ஆகவே நலிந்த ஒருங்கலின் எல்லைச் சார்பு ஒன்று இருக்குமாயின் அது 0 சார்பாகவே இருத்தல் வேண்டும், அதன் பரப்போ 1 ஆக வேண்டும். மீச்சிறு மதிப்பைத் தேடுபவர் இத்தகைய வரிசையின் முன்னே, ‘எல்லைக்குட்பட்டது, ஆகவே நலிந்து ஒருங்கும் உள்தொடர்வரிசை உண்டு’ என்ற அந்த ஒற்றை வரியை எழுதிவிட்டு, இல்லாத தீர்வுக்கு இருப்புப் பத்திரம் வழங்கிவிடுகிறார்.