பள்ளிவாசல் பெட்டிகளும் வரலாறு படிக்கும் நம் பிள்ளைகளும்

2025-ஆம் ஆண்டின் பிற்பாதியைப் பள்ளிவாசல் நிர்வாகிகள் பலர் பழைய பெட்டிகளைக் கிளறுவதிலேயே கழித்தார்கள். வக்ஃபு திருத்தச் சட்டம் வந்து, ஜூன் மாதம் 'உமீத்' இணையதளம் திறக்கப்பட்டு, பதிவான வக்ஃபு சொத்துகளின் விவரங்களை ஆறு மாதத்துக்குள் ஏற்ற வேண்டும் என்றார்கள். நீண்டகாலப் பயன்பாட்டின் வழியாக ஓர் இடம் வக்ஃபு ஆகும் என்ற பழைய ஏற்பாட்டையும் அச்சட்டம் இனிவரும் காலத்துக்கு நீக்கிவிட்டது. ஏற்கெனவே பதிவானவை தொடரும். ஆனால் தகராறில் உள்ளவைக்கும் அரசு நிலம் என்று சொல்லப்படுபவைக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆக, "எங்கள் பாட்டனார் காலத்திலிருந்து இது கபர்ஸ்தான்தான்" என்ற வாய்ச்சொல்லை விட, ஒரு துண்டுக் காகிதத்துக்கு மதிப்பு கூடிவிட்டது.

காகிதம் இல்லாமல் இல்லை. அதைப் படிக்க ஆள்தான் இல்லை. ஆற்காடு நவாபுகள் தந்த மானியங்கள் பார்சியில் இருக்கும். தஞ்சை மராத்தியர் கால ஆவணங்கள் மோடி எழுத்தில் இருக்கும். 1858-இல் ஏற்படுத்தப்பட்ட இனாம் கமிஷன் ஊர் ஊராக விசாரித்து எழுதிய இனாம் ஃபேர் ரிஜிஸ்டர் ஆங்கிலத்தில் இருக்கும். மானிய நில வழக்குகளில் நீதிமன்றங்கள் அதை வலுவான சான்றாக மதிக்கின்றன. எழும்பூரில் 1909 முதல் இயங்கும் ஆவணக் காப்பகத்தில் எதைக் கேட்டால் எது கிடைக்கும் என்று தெரிந்த ஒருவர் ஊரில் இருந்திருந்தால், எத்தனையோ முத்தவல்லிகளின் அலைச்சல் குறைந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் வரலாறு எம்.ஏ. படிக்கும் பிள்ளைகளைப் பற்றி நாம் பேச வேண்டியிருக்கிறது.

பொது வரலாறு என்று ஒரு துறை மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிவிட்டது. பிரிட்டனில் அதில் முதுகலை படிக்கும் மாணவர், சில வாரங்களாவது ஓர் அருங்காட்சியகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ பழைய கட்டடம் ஒன்றைப் பராமரிக்கும் அறக்கட்டளையிலோ வேலை பார்ப்பது வழக்கமான ஏற்பாடு. அட்டவணை தயாரிப்பது, பெரியவர்களிடம் வாய்மொழி வரலாறு பதிவு செய்வது, காட்சிப் பெட்டிக்கு நாலு வரி விளக்கம் எழுதுவது என்று வேலை போகும். இங்கே பல கல்லூரிகளில் இன்டர்ன்ஷிப் பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டாலும், வரலாற்று மாணவருக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. கணினி படிப்பவருக்கு நிறுவனம் இருக்கிறது, வணிகவியலுக்கு ஆடிட்டர் அலுவலகம் இருக்கிறது. வரலாற்று மாணவர் யாரிடமாவது ஒரு சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

அவருக்கான பயிற்சி இடம் நம் ஊர்களிலேயே பூட்டிக் கிடக்கிறது என்பதே நம் கருத்து. கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர், அதிராம்பட்டினம், தொண்டி என்று கடற்கரை நெடுக வீட்டு அலமாரிகளிலும் தைக்காக்களிலும் மதரஸாக்களிலும் அரபுத்தமிழ் ஏடுகள் இருக்கின்றன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மார்க்கச் சட்டத்தை நம் வீட்டுப் பெண்களும் படிக்கும்படி எழுதிவைத்த மொழி அது: சொல் தமிழ், எழுத்து அரபு. இன்று அதைத் தடங்கலின்றிப் படிப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து இறக்கிய கட்டு ஒன்றைக் கிழிந்த முஸ்ஹஃப் தாள்கள் என்று எண்ணி, அதற்குரிய மரியாதையோடு கிணற்றில் சேர்த்துவிட்டார்கள். அரபு எழுத்தைப் பார்த்ததும் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். எஞ்சிய ஓரிரு தாள்களைப் பின்னர் ஒரு பெரியவர் வாசித்துப் பார்த்தபோது, அது கப்பல் சரக்குக் கணக்கு என்று தெரிந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. கிணற்றுக்குப் போகுமுன் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கப்பல் என்றதும் நியூசிலாந்து ஞாபகம் வருகிறது. வெலிங்டன் நகரின் டெ பாபா அருங்காட்சியகத்தில் உடைந்த வெண்கல மணி ஒன்று இருக்கிறது. மாவோரி மக்கள் அதைக் கவிழ்த்துக் கிழங்கு வேகவைத்துக் கொண்டிருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பாதிரியார் கண்டெடுத்தார். அதன் விளிம்பில் தமிழில், முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று பொறித்திருக்கிறது. அந்தக் கப்பல் எப்படி அங்கே போனதென்று இன்றுவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. நம் மரைக்காயர் வீட்டுக் கணக்கேடு ஏதோ ஒன்றில் அந்தப் பெயர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். படித்தால்தானே தெரியும்!

சிங்கப்பூரில் 1828-க்கும் 1830-க்கும் இடையே நம்மவர்கள் கட்டிய நாகூர் தர்கா, 1974-இல் தேசிய நினைவுச்சின்னமாகி, 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபு மையமாக இயங்குகிறது. மூலமான நாகூரிலோ, மிக உயர்ந்த மனாராவைத் தஞ்சை மன்னர் பிரதாப் சிங் கட்டிக் கொடுத்தார் என்பதைக்கூட வெளியூர்ப் பிள்ளைகள் யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

சரி, பெற்றோரின் கேள்விக்கு வருவோம். "இதைப் படித்து என்ன வேலை?" நியாயமான கேள்வி. ஏராளமாக வேலை இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டோம். ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு வாசல் உண்டு. இந்தியத் தொல்லியல் துறை கிரேட்டர் நொய்டாவில் நடத்தும் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்புக்கு வரலாறு படித்தவர் மட்டுமல்ல, அரபி அல்லது பார்சியில் எம்.ஏ. முடித்தவரும் விண்ணப்பிக்கலாம். அரபு, பார்சிக் கல்வெட்டுகளுக்கென்றே அத்துறைக்கு நாகபுரியில் ஒரு பிரிவு இருக்கிறது. சென்னை தரமணியில், கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பைக் கொண்டு 1994-இல் தொடங்கிய நூலகம் போன்ற இடங்களில் அட்டவணை, மின்னாக்கம் தெரிந்த கைகளுக்கு வேலை இருக்கிறது. இரண்டு மாதம் உண்மையான ஏடுகளோடு உட்கார்ந்து, அதற்கு ஓர் அட்டவணையைக் கையில் வைத்திருக்கும் மாணவர், வெறும் மதிப்பெண் பட்டியலோடு வருபவரை விட ஒரு படி முன்னால் நிற்பார்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். சம்பளமில்லாத பயிற்சி வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத்தான் கட்டுப்படியாகும். ஆம்பூரிலிருந்தோ கடையநல்லூரிலிருந்தோ ஒரு பெண் சென்னையில் இரண்டு மாதம் தங்க வேண்டுமென்றால், விடுதிக் கட்டணத்துக்கு முன்பே வீட்டின் சம்மதம் தடுக்கி நிற்கும். சொந்த ஊர்ப் பள்ளிவாசலிலோ உறவினர் ஊரிலோ அதே வேலை கிடைத்தால் இரண்டு தடையும் பாதியாகிவிடும். வீட்டுப் பெண்களிடம் வாய்மொழி வரலாறு கேட்க ஒரு மாணவிதான் பொருத்தம். தாலாட்டும் மாலைப்பாட்டும் பைத்தும் அவர்களிடம்தான் மிச்சமிருக்கின்றன. விருந்துக்கும் விளம்பரப் பதாகைக்கும் செலவழிக்கும் ஜமாஅத், இரண்டு மாதத்துக்கு ஒரு பிள்ளைக்கு உதவித்தொகை கொடுக்க முடியாதா என்ன?

சில ஊர்களில் தயக்கம் வேறு விதம். "பத்திரத்தை வெளியாளிடம் காட்டினால் நாளைக்கே வழக்கு வரும்" என்கிறார்கள். பயம் பொய்யில்லை. அதனால் நிபந்தனைகளை எழுத்தில் போட்டுக்கொள்ளலாம்: மூலம் கட்டடத்தை விட்டு வெளியே போகாது, படம் எடுத்தால் ஒரு பிரதி ஜமாஅத்திடம் இருக்கும், சொத்து ஆவணங்களை அனுமதியின்றி வெளியிடக் கூடாது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டமே மூலத்தை அதன் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவதில்லை என்ற விதியோடுதான் நடக்கிறது. கூடவே ஒரு வேண்டுகோள்: நல்லெண்ணத்தில் யாரும் பழைய தாளை லேமினேட் செய்துவிடாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். லேமினேட் செய்த தாளைச் சேதமின்றிப் பிரித்தெடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

கோடை விடுமுறைக்கு ஆள் வேண்டுமென்றால், பிப்ரவரியிலேயே பக்கத்துக் கல்லூரியின் வரலாற்றுத் துறைத் தலைவருக்கும் அரபித் துறைத் தலைவருக்கும் ஜமாஅத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் போக வேண்டும். என்ன இருக்கிறது, மாணவர் எங்கே உட்காருவார், மாதம் எவ்வளவு தருவீர்கள் என்ற மூன்று விவரமும் அதில் இருந்தால் போதும். அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஊரில் இருந்தால், அவர் பெயரையும் தவறாமல் சேர்த்து எழுதுங்கள்.