வால்துனி ஆற்றுக்குக் காப்பாளர் யார்?

உல்லாஸ் ஆற்றின் பெயரைத் தாங்கிய உல்லாஸ்நகருக்கு 1949இல் அடிக்கல் நாட்டியவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. இன்று அந்நகரின் ஊடே ஓடும் வால்துனி, சாயக்கழிவின் நிறத்தை ஏற்று ஓடுகிறது.

வனசக்தி அமைப்பு தொடுத்த வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் புணே அமர்வு 2015இல் சுமார் 95 கோடி ரூபாய் செலுத்தப் பணித்தது. செலுத்த வேண்டியோருள் உல்லாஸ்நகர் மாநகராட்சியும் ஒன்று. ஆற்றுக்குச் சட்ட ஆளுமை கோருவோர் இதனைக் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

2017 மார்ச்சில் கங்கையையும் யமுனையையும் சட்டப்படியான நபர்களாக அறிவித்த உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், தலைமைச் செயலர் உள்ளிட்ட அதிகாரிகளையே காப்பாளராக்கியது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது அம்மாநில அரசே என்பது விந்தை. ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வால்துனிக்கும் இம்முறையே பின்பற்றப்பட்டால், ஆறு தன் காப்பாளர்மீதே வழக்குத் தொடர நேரும்.

ஸ்பெயினில் வேறு வழி வாய்த்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு முன்மொழிந்ததால் மார் மெனோர் உப்பங்கழி 2022இல் சட்ட ஆளுமை பெற்றது. காப்பாளர் குழுவில் குடிமக்களும் இடம்பெற்றனர். இந்தியாவில் மக்கள் நேரடியாக மசோதா முன்மொழிய வழியில்லை. வரைவுச் சட்டங்களை 30 நாள் பொதுப்பார்வைக்கு வைக்கச் சொல்லும் 2014ஆம் ஆண்டுக் கொள்கையும் மத்திய அமைச்சகங்களுக்கு மட்டுமே உரியது. அதற்கும் சட்டக் கட்டாயமில்லை.

எனவே மகாராஷ்டிரம் ஆற்றுரிமைச் சட்டம் இயற்ற முனைந்தால், அதன் வரைவு மராத்தியோடு சிந்தியிலும் இந்தியிலும் வெளியாதல் வேண்டும். கரையோரக் குடியிருப்பினரும், பட்டறைகள் மூடப்பட்டால் பிழைப்பிழக்கும் ஜீன்ஸ் சலவைத் தொழிலாளரும் அதன்மீது வாக்குமூலம் அளித்தல் வேண்டும். காப்பாளர் குழுவில் அவர்களுக்குரிய இடங்கள் சட்டத்திலேயே எழுதப்படுதல் வேண்டும். பின்னர் வரும் அரசாணைக்கு அவற்றை விட்டுவைத்தல் கூடாது.