விருப்பம் உன்னுடையது, ஏடு ஊருடையது

தோழா!

கணிப்பொறியில் எந்த உலாவியைத் திறப்பது, எந்த மென்பொருளில் மனு எழுதுவது என்பவை அவரவர் விருப்பம். கட்சி ஏட்டில் இதற்கென்ன இடம் என்று நீ கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. மணவூர்த் தோழனுக்குக் குரோம் பிடிக்கும். திருவாலங்காட்டுத் தோழன் பயர்பாக்சே போதும் என்பான். ஒருவனுக்கு மைக்ரோசாஃப்ட் வேர்டு. இன்னொருவனுக்கு லிப்ரே ஆபிஸ். இதில் குறுக்கிட எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: நீ தேர்ந்தெடுத்தாயா, உன் கையில் திணிக்கப்பட்டதையே விருப்பமென எண்ணிக்கொண்டாயா?

வரலாற்றைச் சற்றே புரட்டு. 1994-இல் பிறந்த நெட்ஸ்கேப் உலாவி உலகெங்கும் உலா வந்தது. மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? தன் விண்டோசுடன் தன் உலாவியையும் சேர்த்தே கொடுத்தது. கேட்டவனுக்கும் அதுதான், கேளாதவனுக்கும் அதுதான்! 1998-இல் அமெரிக்க அரசே வழக்குத் தொடுத்தது. ஆதிக்கத்தைக் காத்துக்கொள்ள அந்நிறுவனம் முறைகேடான வழிகளைக் கையாண்டதை 2001-இல் மேல்முறையீட்டு மன்றமும் உறுதிசெய்தது. அன்று அசைக்க முடியாததெனக் கருதப்பட்ட அந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூன் 15-இல் ஓய்வு பெற்றது.

ஆதிக்கம் ஒழிந்ததா? அதே 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் குரோம் உள்ளிட்ட தன் செயலிகளை முன்கூட்டியே ஏற்றித் தரவேண்டுமென அந்நிறுவனம் கட்டாயப்படுத்தியது என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. முடி சூடியவர் மாறினார்; முடியாட்சி மாறவில்லை!

மைக்ரோசாஃப்ட்டின் எட்ஜ் 2020 முதல் கூகுள் வளர்த்த குரோமியத்தின்மீதே நிற்கிறது. நம் சோகோ நிறுவனம் 2023-இல் தந்த உலாவிக்கு 'உலா' என்று பெயர். பெயர் தமிழ், பெருமைதான். அடித்தளமோ அதே குரோமியம். சட்டைகள் பல, உடல் ஒன்று. தனி அடித்தளத்தோடு நிற்கும் உலாவிகள் மிகச் சிலவே. பயர்பாக்சு அவற்றுள் ஒன்று. அந்தச் சிலவும் சாய்ந்துவிட்டால், விருப்பம் என்ற சொல் அகராதியில் மட்டுமே இருக்கும்.

உலாவியைக்கூட நாளையே மாற்றிக்கொள்ளலாம், தோழா. எழுதி வைத்த ஏட்டை என்ன செய்வாய்? அங்கேதான் இருக்கிறது அரசியல்.

மணவூருக்கு அப்பால் தெரியும் திருத்தணியை நினைத்துப் பார். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அந்த மலை நமதில்லை என்றானது. மங்கலங்கிழார் வளர்த்த தமிழுணர்வும், ம.பொ.சி. நடத்திய போராட்டமும் வீண்போகவில்லை. படாஸ்கர் கிராமத்தை அலகாகக் கொண்டார். எம்மொழி பேசுவோர் மிகுதி என்று பார்த்தார். நிலத் தொடர்ச்சியைப் பார்த்தார். 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. போராட்டம் கதவைத் தட்டியது. கதவைத் திறக்கக் கணக்கேடும் துணை நின்றது. அந்த ஏட்டை எவராலும் படிக்க முடியாமற் போயிருந்தால்? எண்ணிப் பார், நெஞ்சு பதறும்!

அந்த நிலை கணினித் தமிழுக்கு வரத்தான் செய்தது. நிறுவனத்துக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு என்றிருந்த காலம் அது. ஒருவர் தட்டிய தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாய்க் கொட்டியது. 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்இணையம் மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகையும், டாப், டாம் என்ற குறியீடுகளும் வந்தன. 2010-இல் யூனிகோடைத் தமிழக அரசு தரமாக ஏற்றது. எழுத்துக்குப் பொதுமை வந்தது.

கோப்புக்கும் அதே பொதுமை வேண்டும். திறந்த ஆவண வடிவம் 2006-இல் உலகத் தரமாயிற்று. அதன் கட்டமைப்பு வெளிப்படையானது. எவர் வேண்டுமானாலும் அதைப் படிக்கும் மென்பொருளை ஆக்கலாம். மைக்ரோசாஃப்ட் தன் வடிவத்தையும் 2008-இல் தரமாக்கிக்கொண்டது. அந்த வாக்கெடுப்பில் இந்தியா எதிர்த்தே வாக்களித்தது என்பதை மறவாதே. நம் எல்காட் நிறுவனம் உமாசங்கர் தலைமையில் இருந்தபோது லினக்சையும் ஓபன் ஆபிசையும் துணிந்து ஏற்றது. அண்டைக் கேரளம் தன் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளையே நிலைநாட்டிக் காட்டியது. முடியாதது என்று சொல்ல இனி எவருக்கும் வாயில்லை.

"நம்மவர் செய்தது இருக்கிறதே, அது போதாதா?" என்பார் சிலர். நம்மவர் வளரட்டும், வாழ்த்துவோம். ஆனால் உரைகல் ஒன்றுதான்: உள்ளே வைத்ததை, வேறெவரும் திறக்கும் வடிவில் வெளியே எடுக்க முடிகிறதா? அயலான் கட்டினாலும் பூட்டு பூட்டுத்தான்; அண்ணன் கட்டினாலும் பூட்டு பூட்டுத்தான். சாவி உன்னிடம் இருக்கவேண்டும்.

ஆகவே, தோழா, செய்யவேண்டியவை இவை. கிளைத் தீர்மானங்களையும் மனுக்களையும் யூனிகோடிலேயே எழுது. எந்த மென்பொருளில் எழுதினாலும் திறந்த வடிவில் ஒரு படி சேமித்து வை. பழைய எழுத்துருக்களில் கிடக்கும் அறிக்கைகளை, அவற்றைப் படிக்கத் தெரிந்தோர் இருக்கும்போதே மாற்றிவிடு. அரசு இணையதளம் ஒன்று ஓர் உலாவியில் மட்டுமே திறந்தால், எல்லா உலாவிகளிலும் திறக்கவேண்டுமென்று மனுக் கொடு. பொதுமக்கள் வரிப்பணத்தில் கட்டிய வாசலில் ஒரு நிறுவனத்தின் செருப்பை அணிந்தவன்தான் நுழையலாம் என்பது எந்த ஊர் நீதி?

குரோம் உனக்கு இனிக்குமானால் வைத்துக்கொள். வேர்டு கைக்குப் பழகியிருந்தால் அதிலேயே எழுது. விருப்பம் உன்னுடையது. ஆனால் நீ எழுதிவைப்பது நாளை வரும் தலைமுறையின் சான்று. எல்லைக்காகப் போராடியவர்கள் நமக்கு மலையை விட்டுச் சென்றார்கள். நாம் விட்டுச் செல்லும் ஏட்டை நம் பிள்ளைகள் எவர் தயவுமின்றித் திறந்து படிக்கட்டும்!