போப் ராஜினாமா செய்யலாமா... ஆயுள் முழுக்கப் பதவியில் இருக்க வேண்டுமா?

2013 பிப்ரவரி 11. வாடிகனில் கர்தினால்களின் வழக்கமான கூட்டம். புனிதர் பட்டம் பற்றிய பேச்சு முடிந்ததும் போப் 16-ம் பெனடிக்ட் ஒரு தாளை எடுத்து லத்தீனில் வாசித்தார். லத்தீன் தெரிந்த ஓர் இத்தாலியப் பெண் நிருபருக்குத் தூக்கிவாரிப் போட்டது. போப் ராஜினாமா செய்கிறார்!

வயது 85. பொறுப்பைச் சுமக்கத் தெம்பில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். அதற்கு முன் ஒரு போப் பதவி விலகியது 1415-ல். அதுவும் திருச்சபையின் பிளவைத் தீர்க்க நடந்த ஏற்பாடு. தானாகவே விலகியவர் என்றால் 1294-க்குப் போக வேண்டும். அப்போது விலகிய 5-ம் செலஸ்டினை அடுத்த போப் சிறை வைத்தார். அந்தக் காவலிலேயே அவர் இறந்தும் போனார்.

சிலுவையைச் சுமந்தவர்

பெனடிக்டுக்கு முன்பிருந்த 2-ம் ஜான் பால் வேறு வழியில் போனார். பார்க்கின்சன் நோயால் உடல் ஒடுங்கியது. 2005 ஈஸ்டர் அன்று ஜன்னலருகே வந்தவருக்குப் பேச்சே வரவில்லை. ஆறு நாள்களில் மறைந்தார்.

'போப்' என்றாலே தந்தை என்று பொருள். படுத்த படுக்கையானாலும் அப்பா அப்பாதானே என்கிறது ஒரு தரப்பு. ஆயர்கள் 75 வயதில் விலகல் கடிதம் தருகிறார்கள், 80 வயதைத் தாண்டிய கர்தினாலுக்கு ஓட்டு இல்லை, போப்புக்கு மட்டும் ஏன் வரம்பில்லை என்கிறது மறு தரப்பு.

ராஜினாமாவிலும் சிக்கல் உண்டு. பெனடிக்ட் வெள்ளை அங்கியுடன் வாடிகனிலேயே கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் வாழ்ந்தார். போப் பிரான்சிஸைப் பிடிக்காதவர்கள் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

பேச முடியாமல் போனால்?

ஆனால் இரு தரப்பும் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது. சட்டப்படி போப்பின் ராஜினாமாவை யாரும் ஏற்கத் தேவையில்லை. அதை அவர் சுதந்திரமாக, முறைப்படி அறிவித்தால் போதும். கோமாவில் கிடப்பவர் எப்படி அறிவிப்பார்? அவரை நீக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை. அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வது என்பதற்குத் தெளிவான விதியும் இல்லை.

பிரான்சிஸ் இதை உணர்ந்திருந்தார். உடல்நிலை செயல்பட விடாமல் தடுத்தால் பயன்படட்டும் என்று, பதவியேற்ற 2013-லேயே விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டதாக 2022-ல் ஒரு பேட்டியில் சொன்னார். அதே சமயம், ராஜினாமா ஒரு ஃபேஷனாகிவிடக் கூடாது என்பதும் அவர் கருத்து. 2025-ல் நிமோனியாவால் 38 நாள்கள் மருத்துவமனையில் இருந்தார். ஏப்ரல் 20, ஈஸ்டர் அன்று மக்கள் முன் வந்தார். மறுநாள் மறைந்தார். கடிதத்துக்கு வேலை வரவில்லை.

ஆனால் ஒரு கடிதம் சட்டமாகிவிடாது. விலகுவதா, தொடர்வதா என்பதை அந்தந்த போப்பின் மனசாட்சிக்கு விட்டுவிடலாம். மனசாட்சியைக் கேட்கவே முடியாத நாளுக்குத்தான் விதி வேண்டும். அதை, தெம்பாக இருக்கும் ஒரு போப்தான் எழுத முடியும். 2025 மே 8-ல் தேர்வானபோது 14-ம் லியோவுக்கு வயது 69.