கரண்ட் வைத்தால் மட்டும் போதாது

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் பேருந்தில் வருகிறவர்களுக்கு ஆதனக்கோட்டை முந்திரியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சாலையோரத்தில் பெண்கள் தரையில் காலை மடக்கி உட்கார்ந்து, வறுத்த கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்துப் பருப்பெடுப்பார்கள். கீரமங்கலம் பக்கம் பூப்பறிப்பு, ஆவுடையார்கோவில் பக்கம் நடவு, வேறு சில ஊர்களில் கல் உடைப்பு. வேலை எதுவானாலும் ஐம்பது வயதை நெருங்கும்போது சொல்வது ஒன்றுதான்: முட்டி வலிக்குது, இடுப்பைப் பிடிக்குது.

அதன்பின் நடப்பதும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். மெடிக்கல் ஷாப்பில் காகிதத்தில் மடித்துத் தரும் இரண்டு மாத்திரை, அதற்கும் அடங்காவிட்டால் ஒரு ஊசி. வலிமாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் வயிறு புண்ணாகும், சிறுநீரகமும் கெடும் என்பது தெரியாமலே பலர் விழுங்குகிறார்கள். ஒருநாள் எக்ஸ்ரே எடுத்தால், “ஜவ்வு தேஞ்சு போச்சு, ஆபரேஷன்தான்” என்ற சொல் வந்து விழும். மாத்திரைக்கும் கத்திக்கும் நடுவே ஒரு மருத்துவத் துறையே இருக்கிறது என்பதை இவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

மறுவாழ்வு மருத்துவம் என்ற அந்தத் துறைக்கு இந்தியாவில் வித்திட்டவர்களில் ஒருவர் வேலூர் சி.எம்.சி.யின் மேரி வர்கீஸ். 1954இல் நடந்த வாகன விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் இந்தத் துறையைக் கட்டியெழுப்பினார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தண்டுவடம் அடிபட்டவர்களுக்கும் கைகால் இழந்தவர்களுக்கும் மட்டும்தான் இத்துறை என்ற எண்ணம் இன்னும் மாறவில்லை. முட்டியும் இடுப்பும் தோளும் இதற்குள் வருபவைதான்.

முட்டித் தேய்மானத்தில் எலும்பை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். வலிக்குப் பயந்து நடையைக் குறைக்கக் குறைக்க, தொடையின் முன்பக்கத் தசை மெலிகிறது. அது தாங்க வேண்டிய பாரமும் மூட்டின் மேல் ஏறுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து நொடி நிறுத்துவது, சுருட்டிய துண்டை முட்டிக்கடியில் வைத்து அமுக்குவது என்று தொடங்கும் பயிற்சிகள் அந்தத் தசையைத்தான் மீட்கின்றன. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முட்டிக்கு ஏறத்தாழ நான்கு கிலோ பாரம் குறைகிறது என்கிறது 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு. ஊன்றுகோலை வலிக்கிற காலின் பக்கமே பிடிப்பவர்கள்தான் நம் ஊரில் அதிகம். பிடிக்க வேண்டியது எதிர்ப்பக்கக் கையில். இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும், ஆனால் சொல்ல ஆள் வேண்டும்.

ஃபிசியோதெரபி, அதாவது இயன்முறை சிகிச்சை, என்றாலே நம் மக்களுக்குக் ‘கரண்ட் வைக்கிறது’தான். பத்து நாள் போய்ப் படுத்து, சூடு வாங்கிக்கொண்டு வந்தால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைக் கவிழ்த்துப் போடுகிறது. தேய்மானம் உள்ள அனைவருக்கும் உடற்பயிற்சி அடிப்படைச் சிகிச்சை. மின்சிகிச்சைக்குப் போதிய ஆதாரம் இல்லை. பாராசிட்டமாலைக்கூட வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது அது.

அறுவை சிகிச்சையே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. டென்மார்க்கில் மூட்டு மாற்றத்துக்குத் தகுதியான 100 பேரை வைத்து நடந்து 2015இல் வெளியான ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களுக்கே அதிகம். கவனிக்க வேண்டியது மறுபக்கம்: 12 வாரம் பயிற்சி, உணவு ஆலோசனை போன்றவற்றை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டுக்குள் அறுவைக்குப் போனவர்கள் சுமார் கால்வாசிப் பேர்தான். அந்தப் பிரிவில், அறுவைதான் வழி என்றிருந்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஆண்டில் அது இல்லாமலே நடமாடினார்கள்.

புதுக்கோட்டையில் இத்தகைய பயிற்சிக்கான கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஆனால் ஒன்றியத்துக்கு ஓர் இயன்முறை சிகிச்சையாளர் என்பதே ஏற்பாடு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள். 2011 கணக்கெடுப்பின்படி கிராமப்புற மக்கள் மட்டுமே சுமார் 13 லட்சம். லட்சம் பேருக்கு ஒருவர்! பக்கவாதத்தில் படுத்திருப்பவரைப் பார்ப்பாரா, முட்டி வலிக்காரரைப் பார்ப்பாரா?

மேலிடத்தில் காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. மருத்துவக் கல்லூரிகளுக்கான 2023 குறைந்தபட்சத் தர விதிமுறையில், கட்டாயத் துறைகளின் பட்டியலிலிருந்து மறுவாழ்வு மருத்துவத்தைத் தேசிய மருத்துவ ஆணையம் விட்டுவிட்டது. முதியவர்கள் பெருகிவரும் தமிழ்நாடு அந்தக் குறைந்தபட்ச அளவோடு நிற்க வேண்டியதில்லை. 2017இல் திறந்த புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி இத்துறையில் மாவட்டத்துக்கு வழிகாட்ட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரம் ஒருநாளாவது, பத்துப் பதினைந்து பேரை ஒன்றாக வைத்துப் பயிற்சி சொல்லித்தர ஆள் வேண்டும். கூட்டாகச் செய்தால் ஆள்பற்றாக்குறையும் பாதி தீரும், பாதியில் விடுகிறவர்களும் குறைவார்கள்.

கூட்டாகக் கற்பது இந்த மாவட்டத்துப் பெண்களுக்குப் புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றவர்கள் அவர்கள். அன்று இருபதில் இருந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டி, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வயது. தேய்ந்த முட்டிக்கு ஏற்ற பயிற்சிகளில் சைக்கிள் மிதிப்பதும் ஒன்று.

மூட்டு திடீரென வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, இடுப்பு வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். மற்றபடி, நாள்பட்ட முட்டி வலிக்காக அடுத்த முறை மாத்திரை வாங்கக் கிளம்பும் முன், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் உங்கள் ஒன்றியத்து இயன்முறை சிகிச்சையாளர் எப்போது வருவார் என்று கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால்தான் பணியிடங்களும் பெருகும்.